சுரங்கத் தண்ணீரும் கொழும்பு ஆய்வுகூடமும்: ஐந்துக்கு மூன்றரை

கேகாலைப் பக்கத்துக் காரீயச் (பென்சிலுக்குள் இருக்கும் கிராபைற்று) சுரங்கம் ஒன்றிலிருந்து ஆறு போத்தல் தண்ணீரோடு வந்தேன். கடவத்தையிலேயே ஒரு மணித்தியாலம் போய்விட்டது. பெட்டியில் ஐஸ் கரைந்து போத்தல்கள் மிதந்தன. கொழும்பில் இந்தத் தனியார் ஆய்வுகூடத்தின் படியேறும்போது மூடப் பத்து நிமிடம்தான் இருந்தது. பெயர் வேண்டாம், காரணம் கீழே.

கவுண்டரில் இருந்த பிள்ளை காசைப் பற்றிப் பேசவில்லை. "அண்ணா, உலோகம் பார்க்கிற போத்தலுக்கு நைத்திரிக் அமிலம் விட்டீங்களா? வடிச்சிட்டு விட்டீங்களா, வடிக்காமலா?" என்று கேட்டாள். இதற்கே ஒரு நட்சத்திரம். வேறு இடங்களில் "மினரல் வோட்டரா, கிணற்றுத் தண்ணியா?" என்பதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

அந்தக் கேள்வி சும்மா இல்லை. பாறைக்குள் ஓடும் காரீய நரம்போடு பைரைற்று, அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம், ஒட்டியிருக்கும். காற்றும் ஈரமும் பட்டால் அதிலிருந்து இரும்பும் சல்பேற்றும் நீரில் இறங்கும். பாறை வெடிப்பில் ஒழுகும்போது பிடித்தால் கண்ணாடி மாதிரித் தெளிவு. அமிலம் விடாத போத்தலை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தாள். அடியில் செம்மஞ்சள் வண்டல், பிளேன்டீ மிச்சம் போல. அமிலம் விட்டது அப்படியே தெளிவாக இருந்தது. வண்டலாகிப் படிந்த இரும்பை விட்டுவிட்டு மேல் தண்ணீரை மட்டும் அளந்தால் அறிக்கை பொய் சொல்லும்.

தண்ணீரின் அமிலத்தன்மையைச் சொல்லும் பிஎச்சும் அப்படித்தான். கீழே நான் அளந்தது 6.4, இவர்கள் மறுநாள் அளந்தது 7.2. கரைந்திருந்த காபனீரொட்சைட்டு வழியில் பறந்துவிட்டது. பிழை அவர்களுடையதல்ல, ஆனால் அறிக்கையில் "ஆய்வுகூடத்தில் அளந்தது" என்று ஒரு வரி போட்டிருக்கலாம். குடிநீருக்கான இலங்கைத் தரநிலை எஸ்.எல்.எஸ். 614 கேட்பது 6.5 முதல் 8.5 வரை. இரண்டு எண்ணும் கோட்டுக்கு இரு பக்கம்!

பெரிய கோபம் சல்பேற்றில். அறிக்கையில் 240 மி.கி./லீற்றர். எல்லை 250, ஆகவே 'பாஸ்'. பம்ப் அடித்து மேலே வரும் தண்ணீரைச் சமையலறைக்குக் கொடுக்கலாமா என்பதே எங்கள் கேள்வி, அதனால் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு நிம்மதியில்லை. வெள்ளவத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கல்சியம், மக்னீசியம், சோடியம் என்று நேர்மின் பக்கம் எல்லாவற்றையும் கூட்டி, சல்பேற்று இருக்கும் எதிர்மின் பக்கத்தோடு ஒப்பிட்டேன். நீரில் கரைந்திருக்கும் நேர்மின், எதிர்மின் அயன்களின் (மின்னேற்றமுள்ள துகள்கள்) மின்னேற்றம் ஏறக்குறையச் சமப்பட வேண்டும், வித்தியாசம் 5 வீதத்துக்குள் இருந்தால் பரவாயில்லை. இங்கே 17 வீதம். எதிர்மின் பக்கம் எதுவோ குறைகிறது.

போன் போட்டேன். முதலில் எடுத்தவர் மழுப்பினார், இரண்டாவது ஆள், வயதானவர், "தம்பி, மாதிரி மிச்சம் இருக்கு, திரும்பப் பார்க்கிறம்" என்றார். கருவியின் அளவீட்டு எல்லைக்கு மேலே போன மாதிரியை ஐதாக்காமலே ஓட்டியிருக்கிறார்கள். இரண்டு நாளில் புது அறிக்கை: 410. மேலதிகக் காசு வாங்கவில்லை, மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் நான் கூட்டிப் பார்க்காமல் இருந்திருந்தால்?

கட்டணம் அளவுருவுக்கு அளவுரு தனி, பாரமான உலோகங்கள்தான் பையைக் காலியாக்கும். தரிப்பிடம் இல்லை, ஆட்டோவில் போங்கள். அறிக்கை கைக்கு வந்ததும் அயன் சமநிலை போட்டீர்களா என்று அங்கேயே கேளுங்கள், "பிறகு அனுப்புறம்" என்றால் எழும்பாதீர்கள்.