அமுக்கரா வேர்த்தூள்: ஒன்றரை வருஷம் சாப்பிட்ட பிறகு

"நீங்கதான் அமுக்கரா சாப்பிடுறீங்களே, ஒரு நாளைக்கு எத்தனை ஸ்பூன்?" என்று நேற்று நண்பர் கேட்டார். அந்த ஸ்பூன்தான் இதை எழுத வைத்தது.

அசுவகந்தா என்று விற்கிற அதே வேர்தான். எனக்கு அது செய்த நல்லதை மறைக்க மாட்டேன். படுத்த பிறகு ஒரு மணி நேரம் புரண்டு புரண்டு படுப்பேன். முதல் இரண்டு வாரம் ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாவது வாரத்திலிருந்து படுத்த கொஞ்ச நேரத்தில் கண் சொருகியது. காலையில் தலை கனமும் இல்லை. அசுவகந்தா என்ற பெயரிலேயே குதிரை வாடை என்று இருக்கிறது, அந்த வாடைகூடப் பழகிவிட்டது. பாலில் நேராகப் போட்டால் தூள் மேலே மிதந்து டம்ளர் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். முதலில் இரண்டு சொட்டு வெந்நீரில் குழைத்துவிட்டுப் பாலை ஊற்ற வேண்டும்.

அளவு விஷயத்தில்தான் எனக்குக் கோபம். வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். தலை தட்டிய டீஸ்பூன் இரண்டரை கிராம், குவித்து அள்ளினால் ஐந்தைத் தொடுகிறது. வேர்த்தூளுக்கு வழக்கமாகச் சொல்வது நாளைக்கு 3 முதல் 6 கிராம். கேப்சூலில் பெரும்பாலும் வருவது தூள் இல்லை, எக்ஸ்ட்ராக்ட். அதாவது வேரின் சத்தைப் பிரித்துச் செறிவாக்கியது. ஆய்வுகளில் அதை நாளைக்கு 300 முதல் 600 மில்லிகிராம் வரைதான் பெரும்பாலும் கொடுத்திருக்கிறார்கள். தூளும் எக்ஸ்ட்ராக்டும் ஒரே கணக்கில் வராது. நான் வாங்கிய ஒரு டப்பாவில் "500 மி.கி." என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. தூளா, எக்ஸ்ட்ராக்டா, வேரா, இலையா, அமுக்கராவின் முக்கியச் சத்தான வித்தனோலைடு எத்தனை சதவீதம் என்று ஒரு வரி கிடையாது. "பக்கவிளைவு இல்லாதது" என்று மட்டும் மறக்காமல் அச்சடித்திருந்தார்கள்.

அந்த வரியை நம்பித்தான் என் அக்கா அதே டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிட்டாள். அவள் தைராய்டு மாத்திரை போடுகிறவள். இரண்டு மாதத்தில் படபடப்பு, கை நடுக்கம். ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ரொம்பக் கீழே போயிருந்தது, அதாவது தைராய்டு ஹார்மோன் அளவுக்கு மீறியிருந்தது. அமுக்கரா தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடியது, மாத்திரையோடு சேர்ந்தால் இப்படி ஆகலாம் என்று டாக்டர் உடனே நிறுத்தச் சொன்னார். நிறுத்திய பிறகு சரியானது. அதுவரை அவள் பட்ட பயத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

கர்ப்பிணிகள் தொடவே கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கம், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து என எதை எடுத்தாலும் டாக்டரிடம் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது. அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. கண் மஞ்சளாகத் தெரிந்தாலோ சிறுநீர் அடர்நிறமாகப் போனாலோ, உடம்பு ஓயாமல் அரித்தாலோ அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். ஆய்வுகள் பெரும்பாலும் 8 முதல் 12 வாரத்தோடு முடிந்துவிடுவதால் நான் மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து எடுப்பதில்லை. இடையில் ஒரு மாதம் விட்டுவிடுவேன்.

நண்பர் இரவில் தூக்க மாத்திரை போடுகிறவர். எனக்கு இவ்வளவு நன்றாகக் கேட்ட மருந்துதான், ஆனாலும் வாங்காதீங்க என்று சொல்லிவிட்டேன். என் டப்பாவை அக்கா கைக்கு எட்டாத மேல்தட்டில் வைத்திருக்கிறேன். மூடியில் "தூள், 3 கிராம்" என்று நானே எழுதி ஒட்டியிருக்கிறேன்.