24 வோல்ட் லாரிக்குப் புரொஜெக்டர் ஹெட்லைட்: 11 மாத ஓட்டத்துக்குப் பின் ஒரு மதிப்பீடு

எங்கள் 12 சக்கர லாரி தாவணகெரேயில் மக்காச்சோளம் ஏற்றி நாமக்கல் கோழித்தீவன ஆலைகளுக்கு வரும் வண்டி. லோடு ஏற்றி முடிப்பதற்குள் மாலையாகிவிடுவதால் சித்ரதுர்கா, தும்கூரு, பெங்களூரு, ஓசூர், கிருஷ்ணகிரி என்று திரும்பும் வழி முழுவதையும் இரவில்தான் கடக்க வேண்டியிருக்கிறது. தர்மபுரிக்கும் சேலத்துக்கும் இடையிலுள்ள தொப்பூர் மலை இறக்கத்தை எட்டும்போது பெரும்பாலும் பின்னிரவு மூன்று மணி ஆகியிருக்கும். கண்ணுக்கு ஓய்வில்லாத இந்த ஓட்டத்துக்காகக் கடந்த ஐப்பசியில் வண்டியின் ஹெட்லைட்டைப் பிரித்து, உள்ளே டிம், பிரைட் இரண்டையும் ஒரே லென்ஸ் வழியாகத் தரும் மூன்று அங்குல பை-எல்இடி புரொஜெக்டர்களைப் பொருத்தினோம். ஜோடி விலை 11,000 ரூபாய். கூலியை இருமுறை கொடுக்க நேர்ந்தது. அது ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

புரொஜெக்டர் வாங்குவதற்கு முன்பே நாங்கள் செய்த ஒரு வேலையை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கு அதோடு தேவை தீர்ந்துவிடக்கூடும். வண்டியில் வந்தது 24 வோல்ட், 75/70 வாட் எச்4 ஹாலஜன் பல்பு. 28 வோல்ட் முழுமையாகக் கிடைத்தால் டிம்மில் 1,200 லூமென் தருவதாக அளவிடப்பட்ட பல்பு அது. ஆனால் இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 27.8 வோல்ட் காட்டிய மீட்டர், பல்பு ஹோல்டரில் 24.9 மட்டுமே காட்டியது. ஹெட்லைட்டுக்கான மின்சாரம் முழுவதும் ஸ்டீரிங் அடியிலுள்ள சுவிட்ச் வழியாகவும் மெல்லிய, பழைய ஒயர் வழியாகவும் சுற்றி வந்ததே காரணம். ஹாலஜன் பல்பில் மின்னழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்துவிடும். இரண்டு ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்), பேட்டரியிலிருந்து நேரடியாகத் தடித்த ஒயர், ஃபியூஸ், புதிய பீங்கான் ஹோல்டர் எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய் செலவானது. ஹோல்டரில் மீட்டர் 27.3 காட்டியது. அன்றிரவே வேறு வண்டி ஓட்டுவதுபோல் இருந்தது. மாதம் ஓரிரு இரவு மட்டும் ஓடும் வண்டிக்கு இதற்கு மேல் செலவு செய்யத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

அப்படியானால் புரொஜெக்டர் எதற்கு என்ற கேள்வி எழும். எச்4 பல்பில் டிம் இழைக்குக் கீழே சிறு உலோகக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. அது ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்குச் செல்லும் ஒளியை மறைத்துவிடுவதால், டிம்மில் பாதி ரிஃப்ளெக்டர்தான் வேலை செய்கிறது. புரொஜெக்டரில் நீள்வட்ட ரிஃப்ளெக்டர் ஒளி முழுவதையும் ஒரு குவியத்துக்குக் கொண்டுவர, அந்த இடத்தில் நிற்கும் தகடு மேல்நோக்கிச் செல்லும் ஒளியை வெட்டிவிட, முன்னால் உள்ள குவிலென்ஸ் மீதியைச் சாலை மீது விரிக்கிறது. பிரைட் போட்டால் சோலெனாய்டு என்ற சிறு மின்காந்தம் அந்தத் தகட்டைக் கீழே இழுக்கும். இதனால் டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு சுவரில் கோடு கிழித்ததுபோல் தெரியும்; அதைத்தான் கட்-ஆஃப் என்கிறார்கள். பழைய ரிஃப்ளெக்டரிலேயே எல்இடி பல்பைச் செருகிக்கொள்பவர்களுக்கு இந்தக் கோடு ஒழுங்காக விழுவதில்லை, ஏனென்றால் இழை இருந்த அதே புள்ளியில் எல்இடி சில்லு அமைவது அரிது. எதிரில் வருபவர் கண்ணில் ஊசி குத்துவதுபோல் அடிக்கும் வெளிச்சங்களில் பல அப்படிப்பட்டவையே.

வாங்கும்போது கேட்க வேண்டிய ஒன்றைக் கடைக்காரர்கள் தாமாகச் சொல்வதில்லை. கட்-ஆஃப் கோடு நேர்கோடு அன்று. ஒரு பக்கம் சற்று உயர்ந்திருக்கும். இடப்புறம் செல்லும் நம் நாட்டில் அந்த உயர்வு இடப்பக்கம், அதாவது சாலையோரத்தைக் காட்டும்படி இருக்க வேண்டும். வலப்புறம் ஓட்டும் நாடுகளுக்காகச் செய்த புரொஜெக்டரில் அது வலப்பக்கம் உயர்ந்து, நேராக எதிர்வண்டி ஓட்டுநரின் முகத்துக்குப் போகும். பெட்டியைப் பிரித்ததும் பேட்டரியில் இணைத்துக் கடைச் சுவரிலேயே அடித்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

இனி முதல் பட்டறையின் கதை. பெயர் வேண்டாம், கார்களுக்குப் பளபளப்பாக வேலை செய்து பெயர் வாங்கிய இடம். லாரியின் மின்சாரம் அவர்களுக்குப் பழக்கமில்லை என்பதை வேலை முடிந்த பிறகுதான் உணர்ந்தேன். எங்கள் புரொஜெக்டரின் டிரைவர், அதாவது எல்இடிக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் சுற்று, 12 வோல்ட்டுக்கானது. அதற்கு 24-லிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடாமல், தொடராக இணைந்து 24 வோல்ட் தரும் இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் இழுத்துவிட்டார்கள். லாரியில் பாட்டுப் பெட்டிக்கு இப்படிச் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். சிறு சுமையானால் பேட்டரி ஓரளவு தாங்கிக்கொள்ளும், இரவெல்லாம் எரியும் ஹெட்லைட்டுக்குத் தாங்காது. ஒரு பேட்டரி நிரம்பாமலும் மற்றொன்று அளவுக்கு மேல் சார்ஜ் ஏறிக் கொதித்தும் ஆறு வாரத்தில் இரண்டும் கெட்டன. போதாக்குறைக்கு, ஹீட் கன்னில் சூடேற்றிப் பிரித்த கண்ணாடியைப் பியூட்டைல் பசைக்குப் பதில் சாதாரண சிலிக்கான் தடவி ஒட்டியிருந்ததால், கார்த்திகை மழையில் இடப்பக்க விளக்குக்குள் நீர் கோத்துக்கொண்டது.

இவற்றையெல்லாம்விட எரிச்சலூட்டியது எதிர்வண்டிகளின் வசவு. நாங்கள் டிம்மில்தான் போகிறோம், ஆனாலும் எதிரே வரும் ஒவ்வொருவரும் பிரைட் அடித்துக் காட்டினார்கள். இதற்குக் காரணம் கண்டுபிடித்தவர் சேலம் சாலையில் சிறிய எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர். "காலி வண்டியில வச்சுப் பார்த்தீங்களா, லோடுல வச்சுப் பார்த்தீங்களா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. முதல் பட்டறையில் காரைப் போலவே காலி வண்டியை நிறுத்தி, பத்து மீட்டர் தூரத்துச் சுவரில் கட்-ஆஃப் பத்து சென்டிமீட்டர் தாழ்வாக விழும்படி வைத்திருந்தார்கள். லோடு ஏறினால் பின்பக்க ஸ்பிரிங் பட்டை அமுங்கும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் ஐந்து மீட்டர் இடைவெளி என்று கொண்டால், பின்பக்கம் ஐந்து சென்டிமீட்டர் கூடுதலாக இறங்குவது நூற்றுக்கு ஒன்று என்ற சரிவு. பத்து மீட்டரில் அது பத்து சென்டிமீட்டர். வைத்த தாழ்வு முழுவதும் அதிலேயே கரைந்து, வெளிச்சம் தரைக்கு இணையாக நேரே போயிருக்கிறது. சாலையில் ஒரு சிறு மேடு வந்தால் போதும், எதிரே வரும் காரின் ஓட்டுநர் கண்ணில் முழுமையாக விழும்.

பெரியவர் லோடு வண்டியைச் சமதரையில் நிறுத்தி, டயர்க் காற்றைச் சரிபார்த்து, பத்து மீட்டரில் பதினைந்து சென்டிமீட்டர் தாழ்த்தி வைத்தார். எங்கள் விளக்கின் மையம் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்தத் தாழ்வில் கட்-ஆஃப் ஏறக்குறைய 67 மீட்டரில் தரையைத் தொடும். காலி வண்டியில் முன்பக்கம் தாழ்ந்துவிடுவதால் அது 40 மீட்டராகச் சுருங்குகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 16.7 மீட்டர் போகிறோம் என்பதை நினைத்தால் 40 மீட்டர் போதாது. ஆகவே காலியாகப் போகும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்கிறோம் அல்லது விளக்கின் திருகைத் திருப்பிக்கொள்கிறோம். கன்வெர்ட்டர், பியூட்டைல், கூலி எல்லாம் சேர்த்து அவர் 5,200 ரூபாய் வாங்கினார். கொடுக்கும்போது மனம் கசக்கவில்லை.

அதன் பிறகான ஓட்டத்தைப் பற்றி: டிம்மில் சாலையின் அகலம் முழுவதும் ஒரே சீராகத் தெரிகிறது. டெயில் லைட் இல்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரியும், ரிஃப்ளெக்டர் ஒட்டாத கரும்பு டிராக்டரும் முன்பைவிட நன்றாக முன்கூட்டியே கண்ணில் படுகின்றன. தொப்பூர் இறக்கத்தில் கியரைக் குறைத்து மெதுவாக இறங்கும்போது வளைவின் உள்விளிம்பு தெளிவாகத் தெரிவது பெரிய நிம்மதி. ஆனால் கட்-ஆஃப் கோட்டுக்கு மேல் முழு இருட்டு. தூரத்தில் சாலையைக் கடக்கும் மனிதரின் கால் மட்டும் முதலில் தெரிகிறது, மேலேயுள்ள ஊர்ப் பெயர்ப் பலகை டிம்மில் மங்கலாகவே இருக்கிறது. ஹாலஜனில் மேலே சிதறும் கொஞ்சம் ஒளி இதற்கெல்லாம் உதவிக்கொண்டிருந்தது என்பதை அதை இழந்த பிறகுதான் அறிந்தேன். பழகுவதற்குப் பத்து நாள் பிடித்தது. இன்னொன்று, வண்டிக்கு மிக அருகில் உள்ள தரை அதிகமாகப் பளிச்சிடுவதால் கண் அங்கேயே ஒட்டிக்கொண்டு, தூரத்து இருட்டு கூடுதல் இருட்டாகத் தோன்றுகிறது.

நிறத்தைப் பொறுத்தவரை, கடையில் 6,000 கெல்வின் வெள்ளையைத்தான் முதலில் நீட்டினார்கள் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு கெல்வின்; எண் குறையக் குறைய மஞ்சள் கூடும்). நாங்கள் 5,000-ஐ வற்புறுத்தி வாங்கினோம். ஹாலஜனின் 3,200-க்குப் பழகிய கண்ணுக்கு அதுவே மழையில் குறையாகத்தான் படுகிறது. நனைந்த தார்ச்சாலை ஒளியை விழுங்கிவிட்டதுபோல் இருக்கும்போது, பம்பரில் இருக்கும் மஞ்சள் ஃபாக் விளக்குகளைக் கழற்றாமல் விட்டது நல்லதாயிற்று. குளிர்விக்கும் விசிறியில் தூசி ஏறி ஒரு பக்கம் இரைச்சல் வந்தது. சுத்தம் செய்ததும் நின்றது. விசிறி நின்றுபோனால் எல்இடி சூட்டில் மங்கிவிடும் என்பதால் மாதம் ஒருமுறை காது கொடுத்துக் கேட்கிறேன்.

சட்டம் பற்றி மறைக்க எதுவுமில்லை. ஹெட்லைட் என்பது அதற்குரிய பல்போடு சேர்த்து ஒப்புதல் பெற்ற பொருள். உள்ளே வேறொன்றைப் பொருத்தினால் அந்த ஒப்புதல் செல்லாது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52, தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. எதிர்வண்டிக்குக் கண் கூசாமல் வைத்திருக்கிறேன் என்பது என் மனச்சாட்சிக்கு விடையாகுமே தவிர, எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) பார்க்கும் மோட்டார் வாகன ஆய்வாளருக்கு விடையாகாது. இதைத் தெரிந்துகொண்டுதான் செய்தேன். வாங்குபவரும் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும். பிஎஸ்6 என்ற புதிய புகை விதிப்படி வந்த வண்டிகளில் விளக்கின் மின்னோட்டத்தையே கணினி கண்காணிப்பதால் வேறு தொல்லைகளும் வரலாம். எங்களுடையது அதற்கு முந்தைய வண்டி.

வருகிற தை மாதம் எங்களுக்கு எஃப்.சி. தேதி. பிரித்த பழைய ரிஃப்ளெக்டர்களைத் தூக்கிப் போடாமல், பல்போடும் ஹோல்டரோடும் சேர்த்துச் சாக்கில் கட்டிப் பரணில் வைத்திருக்கிறேன். ரிலே ஒயரிங் அப்படியேதான் இருக்கிறது. ஆகவே திரும்ப மாட்டினாலும் பழைய மங்கல் வெளிச்சத்துக்குத் திரும்பப் போவதில்லை.