இரண்டாவது தடவை கட்டிய கென்டர் எஞ்சின்: ஒரு இலட்சம் கிலோமீற்றருக்குப் பிறகு

கல்முனையிலிருந்து கண்டிக்கு அரிசி ஏற்றுகிற கென்டர் லொறி என்னுடையது. 4டி33 எஞ்சின், 4.2 லீற்றர், நோசில்களுக்கு டீசல் அடிப்பது பழைய லைன் பம்ப். மகாஓயா, பதியத்தலாவை, மகியங்கனை தாண்டி ஹசலக்கையில் பதினெட்டு வளைவு ஏறத் தொடங்கினால் எஞ்சின் எந்த நிலையில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். 2023 மார்ச்சில் இதை இரண்டாவது தடவையாக அடியோடு பிரித்துக் கட்டினோம். அதன் பிறகு ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. முதல் தடவை கட்டியது ஐந்து மாதம்தான் நின்றது. ஏன் போனது என்று தேடாமல் கட்டுகிற அதே பிழையில் எங்கள் பக்கம் இன்னும் நிறைய லொறிக்காரர் காசை இழக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

2022இல் டீசல் வரிசையில் நாட்கணக்காகக் கிடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஓட்டத்தை விட மனமில்லாமல் நான் பரலில் வந்த டீசலையும் வாங்கி அடித்தேன், அதில் மண்ணெண்ணெய் கலந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. மண்ணெண்ணெய்க்கு வழுவழுப்பு குறைவு. பம்பின் பிளஞ்சரும் நோசிலும் தேயாமல் ஓடுவது டீசலின் வழுவழுப்பால்தான். செப்டெம்பரில் அந்த வளைவில் டக் டக் என்று சத்தம், பிஸ்டனைக் கிராங்கோடு சேர்க்கிற மூன்றாவது கொன்ரொட்டின் பெயரிங் இடம் மாறிச் சுற்றிவிட்டது. கராஜில் கிராங்கை, அதாவது கொன்ரொட்டுகள் சுற்றுகிற தண்டை, 0.25 மில்லிமீற்றர் அரைத்து, புதுப் பெயரிங் போட்டு, இரண்டு கிழமையில் தந்தார்கள். பெயரிங் ஏன் போனது என்று அவர்களும் தேடவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அளவுக் குச்சியில் ஒயில் மட்டம் குறையவே இல்லை, எனக்கு நல்ல சந்தோசம். பெப்ரவரியில் நாலு தொன் பாரத்தோடு அதே வளைவில் அதே டக் டக்.

இந்தத் தடவை சாய்ந்தமருதில் மெக்கானிக் காக்கா (அண்ணன்) ஒருவரிடம் இழுத்துக்கொண்டு போனோம். எஞ்சினைக் கொஞ்ச நேரம் மட்டும் ஓடவிட்டு, நோசில் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தார். மூன்றாவதைத் தளர்த்தியதும் சத்தம் அமுங்கியது. அந்தச் சிலிண்டரில் டீசல் எரியாவிட்டால் கொன்ரொட்டில் பாரம் விழாது, பெயரிங் சத்தம் என்றால் குறைந்துவிடும். அப்புறம் குச்சியை இழுத்து மோந்து பார்த்தார், ஒரு சொட்டைப் பத்திரிகைத் தாளில் விட்டார். நடுவில் கறுப்பு, சுற்றிலும் வெளிர் வட்டம் அகலமாகப் படர்ந்துகொண்டே போனது. "ஒயில் குறையல்லெண்டு சந்தோசப்படாதீங்க தம்பி, எரிஞ்ச ஒயிலுக்குப் பதிலா டீசல் இறங்கியிருக்கு" என்றார். தேய்ந்த பம்பிலும் ஒழுகுகிற நோசிலிலும் இருந்து டீசல் எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கிற சம்புக்குள் போய், ஒயில் தண்ணீர் மாதிரி இளகி, பாரம் கூடிய இடத்தில் பெயரிங் உலோகத்தோடு உலோகம் உரசியிருக்கிறது.

ஒயில் பில்டரை வெட்டி உள்ளே இருந்த தாளை வெயிலில் விரித்தோம். மடிப்புக்கு மடிப்பு பொன் நிறத் துகள். காந்தத்தை வைத்தால் ஒன்றும் ஒட்டவில்லை, எல்லாம் பெயரிங்கின் செம்பு. இரும்பாக இருந்தால் ஒட்டும், அப்போது லைனர், ரிங், கிராங்க் பக்கம் தேடவேண்டும். அதைவிட எனக்கு வயிறு எரிந்தது ஒயிலைக் குளிர வைக்கிற கூலரைக் கழற்றியபோது. முதல் தடவை சுற்றிய பெயரிங்கின் செதில்கள் உள்ளே அப்படியே படிந்து கிடந்தன. புதுப் பெயரிங்குக்கு முதல் நாளிலிருந்தே அந்தத் தூளைத்தான் ஊட்டியிருக்கிறோம்.

கொன்ரொட்டைப் பெயரிங் இல்லாமல் பூட்டி அளந்தால் துளை நீள்வட்டம், அதைத் தூக்கிப் போட்டோம். கிராங்கை 0.50 மில்லிமீற்றர் வரை அரைக்க வேண்டியதாயிற்று, அதன் ஒயில் வழிகளை நீளத் தூரிகை விட்டுக் கழுவினார். கூலரைப் புதிதாகவே வாங்கினேன், கழுவிப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பெயரிங்குக்கும் கிராங்குக்கும் இடைவெளி பார்க்க நூல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் இழையை கிராங்கின் மேல் வைத்துப் பூட்டி, கிராங்கைச் சுற்றாமல் திரும்பக் கழற்றி, நசுங்கிய அகலத்தை அளவுத்தாளோடு ஒப்பிட்டார். நாலு கொன்ரொட் பெயரிங், கிராங்கைத் தாங்குகிற ஐந்து மெயின் பெயரிங், ஒவ்வொன்றுக்கும் இதே வேலை, அரை நாள் போனது. பம்பும் நோசிலும் கல்முனையில் சோதனைப் பெஞ்சில் ஏறித்தான் திரும்பி வந்தன. எல்லாமாக நான்கரை இலட்சம். 2020இலிருந்து வாகன இறக்குமதி நின்றிருந்த நேரத்தில் வேறு லொறிக்கு ஆசைப்படவும் முடியாது.

இப்போது காலையில் குச்சியைப் பார்க்காமல் ஸ்டார்ட் பண்ணுவதில்லை, மட்டம் ஒரு நூல் ஏறினாலும் நோசிலைக் கழற்றுவேன். ஐயாயிரத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றும்போது பில்டரை வெட்டிப் பார்க்கிறேன். தனியாக ஒயில் அழுத்தம் காட்டுகிற ஒரு மீற்றரும் பூட்டியிருக்கிறேன், வளைவு ஏறி முடித்த சூட்டில் ஐட்லிலும் ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே இறங்கவில்லை. குறை என்றால் கிராங்கின் பின் சீலில் மெல்லிய கசிவு, கிளச் மாற்றும்போது அதையும் மாற்றுவேன். போன கிழமை வெட்டிய பில்டர் தாளில் கரி மட்டும்தான் இருந்தது.