உப்புக் கறைக்கு பாத்ரூம் ஆசிட்டா, சிட்ரிக் ஆசிட்டா?

போர் தண்ணீர் வரும் வீடுகளில் குழாய், ஷவர், டைல்ஸ் எல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்குமே, அதை நாம் உப்பு என்கிறோம். பெரும்பாலும் அது கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. அமிலம் பட்டால் நுரைத்துக் கரையும். எந்த அமிலம் என்பதில்தான் வீட்டில் சண்டை. நான் இரண்டையும் ஊற்றிப் பார்த்து, சிட்ரிக் பக்கம் சாய்ந்தவன்.

வேகத்தில் பாத்ரூம் ஆசிட்டை மிஞ்ச முடியாது. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம்; ஊற்றிய நொடியே பொங்கும். விலையும் குறைவு. நெடி, கையுறை பற்றியெல்லாம் தெரிந்ததுதான். பிளீச்சிங் பவுடர் போட்ட தரையில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

என்னை மாற்றியது டைல்ஸ் இடுக்கு. அங்கே பூசியிருப்பது சிமெண்ட், அதுவும் காரம். கறை எது, பூச்சு எது என்று அமிலத்துக்குத் தெரியாது. கறை கரைந்ததும் மிச்ச அமிலம் சிமெண்டைத் தின்றுதான் நடுநிலையாகும். இரண்டு வருடம் மாதாமாதம் ஊற்றினேன். தரை பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் இடுக்கில் குண்டூசியை வைத்தால் மணல் மணலாக உதிர்ந்தது. ஆசிட் படாத எவர்சில்வர் ஜாலியில்கூடப் பழுப்புப் புள்ளிகள். புகையே போதும் போலிருக்கிறது. திரும்ப கிரவுட் (இடுக்குப் பூச்சு) போட ஆன கூலியில் பல வருடத்துக்கு சிட்ரிக் வாங்கியிருக்கலாம்.

சிட்ரிக் வலுக் குறைந்த அமிலம். தண்ணீரில் கொஞ்சம்தான் அயனியாகும், அதாவது பிரிந்து வேலையில் இறங்கும்; மீதியைக் கையிருப்பில் வைத்து, செலவாகச் செலவாக விடும். வலுக் குறைவு என்றால் குறைவாகக் கரைக்கும் என்று அர்த்தமில்லை. கணக்குப்படி 100 கிராம் சிட்ரிக் 70 கிராமுக்கு மேல் சுண்ணாம்போடு வினைபுரியும். நேரம்தான் கொடுக்கணும். ஒரு மக் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு ஸ்பூன் கரைத்து, பாலிதீன் கவரில் ஊற்றி, ஷவர் தலை முங்கும்படி ரப்பர் பேண்டால் கட்டிவிடுவேன். ஒரு மணி நேரத்தில் துளைகள் திறந்துவிடும். மேலே மாவு மாதிரி ஒட்டியிருப்பது கால்சியம் சிட்ரேட், தேய்த்தால் போய்விடும். இதுவும் அமிலம்தான், சிமெண்டில் ஊறவிடக் கூடாது. இடுக்கில் பட்டால் சமையல் சோடா கரைசலை நுரை நிற்கும்வரை ஊற்றிக் கழுவுகிறேன். சிலர் சோடாவையும் சிட்ரிக்கையும் ஒன்றாகக் கலந்தே தேய்க்கிறார்கள். கறையில் படுவதற்குள் அவை ஒன்றையொன்று தீர்த்துவிடும், மிஞ்சுவது நுரை.

வினிகரும் வேலை செய்யும். எனக்கு அந்த வாடை ஆகாது.

பல வருடம் கெட்டிப்பட்ட படிவில் சிட்ரிக்கை நான் சோதித்ததில்லை, என் வீட்டில் இருந்தது ஆறு மாதப் படிவு. அங்கே ஒரு தடவை ஆசிட்டே தேவைப்படலாம்.

கடப்பா கல், மொசைக் என்றால் இரண்டுமே வேண்டாம். கடப்பா கல்லே சுண்ணாம்புக் கல்தான். எங்கள் சமையல் மேடையில் அரை எலுமிச்சை மூடியை இரவு கவிழ்த்து வைத்த இடத்தில் இன்னமும் ஒரு மங்கல் வளையம் இருக்கிறது.