முட்டைக் கோழிக்குக் கிளிஞ்சலா, சுண்ணாம்புக்கல் தூளா?

ஒரு முட்டையின் ஓட்டிலேயே ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருப்பதால், முட்டையிடும் கோழியின் தீவனத்தில் அது 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்க வேண்டும். குறைந்தால், எடுக்கும்போதே விரலுக்குள் அமுங்கும் தோல்முட்டைதான் கிடைக்கும். கடையில் விற்கும் சுண்ணாம்புக்கல் தூளும் கரையில் ஒதுங்கும் கிளிஞ்சலும் அடிப்படையில் ஒரே கால்சியம் கார்பனேட்தான். வேறுபாடு பருமனில் இருக்கிறது. மாவான தூள் தீவனத்தில் சீராகக் கலந்தாலும் வயிற்றில் விரைவாகக் கரைந்துவிடுகிறது. ஓடு உருவாவதோ பெரும்பாலும் இரவில், கோழி இரை எடுக்காத நேரத்தில். 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவில் இடித்த கிளிஞ்சல் அரைவைப்பையில் தங்கி, விடியும் வரை சிறிது சிறிதாகக் கரைந்து ஓட்டுக்கு உதவுகிறது.

ஆகவே ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களான மண்டபத்திலும் தொண்டியிலும் கொல்லையில் நாலைந்து கோழி வளர்ப்போருக்குக் கிளிஞ்சலே என் தேர்வு. உப்புப் போக நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி, வெயிலில் காயவைத்து, உரலில் இடித்து, மாலையில் தனிச் சட்டியில் வைத்தால், தேவைப்படும் கோழி தானே கொத்திக்கொள்ளும். குஞ்சுகளுக்கு வேண்டாம். பவளப்பாறைத் துண்டுகளைப் பொறுக்குவது மட்டும் கூடாது. பவளம் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிரினம்.