ஜார்ஜ் டவுன் பழம்பொருள் கடையில் பசிபிக் தீவுகளின் போர்த்தடிகள்

பினாங்கிலுள்ள ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடு ஒன்றில் இயங்கும் இந்தப் பழம்பொருள் கடைக்கு நியோன்யா பீங்கானும் கெரிசு என்னும் மலாய்க் குத்துவாளும் தேடி வருபவர்களே மிகுதி. எனினும், பசிபிக் தீவுகளின் சடங்கு ஆயுதங்களுக்கென ஒதுக்கப்பட்ட மாடியறைக்காகவே இக்கடையைப் பரிந்துரைக்கிறேன். அங்குள்ளவை அனைத்தும் அண்மையில் செதுக்கப்பட்ட நகல்கள் என்பதைக் கடைக்காரர் கேட்காமலேயே தெரிவித்துவிடுகிறார்.

மார்க்கெசஸ் தீவுகளின் 'உஉ' என்னும் நெடிய போர்த்தடிதான் அறையிலேயே சிறந்தது. அத்தீவுகளில் மதிப்பு மிக்க வீரர்கள் வைத்திருந்த இத்தடி, சவுக்கு மரத்தில் செதுக்கப்பட்டு, கருநிறம் ஏறும்பொருட்டுச் சேம்பு வயலின் சேற்றில் புதைக்கப்பட்டு, எண்ணெயால் மெருகேற்றப்பட்டது. உரியவர் அதை அக்குளில் கொடுத்துச் சாய்ந்து நிற்கும் அளவுக்கு உயரமானது. தலைப்பகுதியில் ஒரு பெரிய முகமும், அதன் கண்களின் இடத்தில் சிறு முகங்களும் இருக்கும். நகலின் முன்பக்கத்தில் இவை ஆழமாகவும் தெளிவாகவும் அமைந்துள்ளன. ஆனால் மூலத் தடிகளில் இருபுறமும் ஒரே அக்கறையுடன் செதுக்கியிருப்பார்கள், இங்கோ பின்பக்கம் அவசரமாக முடிக்கப்பட்டுள்ளது. ஆயினும் 650 ரிங்கிட் விலைக்கு இது தகும்.

ஃபிஜியின் 'தொதோகியா' தடியும் நன்று. தாழம்பழத்தை ஒத்த அதன் தலையும் முன்நீண்ட கூர்முனையும் பிசகாமல் வந்திருக்கின்றன. என் மனக்குறை, அதனருகே 'போர்க்கருவி' என்று மட்டும் எழுதி வைத்திருப்பதுதான். 1874ஆம் ஆண்டு ஃபிஜி பிரிட்டனின் ஆட்சிக்குள் சென்றபோது, தலைவர் தக்கொம்பாவு தமது போர்த்தடியையே விக்டோரியா அரசிக்கு அனுப்பினார். 1932இல் நாடு திரும்பிய அத்தடி, சட்டமன்றத்தின் செங்கோலாயிற்று. மலேசிய மாமன்னர் அரியணை ஏறும் விழாவில் அரச கெரிசை உருவி முத்தமிடுவதைக் கண்டிருக்கும் மலேசியருக்கு, ஓர் ஆயுதத்தில் ஆட்சியுரிமை குடிகொள்வது புதிதன்று. ஆகவே, இச்செய்தியை நான்கு வரியில் எழுதி வைத்தால் வாங்குபவர் அத்தடியைப் பார்க்கும் பார்வையே மாறும்.

கிரிபட்டியின் சுறாப்பல் வாள்களில் பற்கள் பிளாஸ்டிக்கால் ஆனவை; அவற்றைக் கடந்துவிடலாம். மாவோரி மக்களின் 'மெரே' என்னும் குறுந்தடியின் நகலையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நியூசிலாந்தின் தென்தீவில் கிடைக்கும் பச்சைக்கல்லை மாதக்கணக்கில் தேய்த்து உருவாக்கி, தனிப்பெயர் சூட்டித் தலைமுறைதோறும் தலைவர்கள் கைமாற்றி வந்த ஆயுதம் அது. பச்சை ரெசினில் வார்த்த இந்த நகலில் கல்லின் குளிர்ச்சியும் இல்லை, கனமும் இல்லை.