பழைய ஏழு இஞ்ச் டேப்லெட் தேடுகிறவர்கள் கவனத்துக்கு: 9,200 ரூபாய் போனது இப்படித்தான்

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினொன்றரை மணிக்கு இதை எழுதுகிறேன். கோபம் ஆறட்டும், நாளைக்கு எழுதுங்களேன் என்றாள் வீட்டுக்காரி. ஆறினால் எழுத மாட்டேன், எனக்கு என்னைத் தெரியும். 9,200 ரூபாய். லட்சக்கணக்கில் விட்டவர்கள் இருக்கும் ஊரில் இது சின்னத் தொகைதான். ஆனால் பிள்ளையின் டியூஷன் பீஸை ஒரு மாதம் தள்ளிப்போட்டு எடுத்த பணம். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன், முழுக்கப் படியுங்கள்.

நான் இருப்பது காட்பாடி, வேலை சென்னையில். பல வருஷமாக சீசன் டிக்கெட். விடிகாலை ஏலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் உட்கார இடம் கிடைப்பது அன்றைய ராசியைப் பொறுத்தது. 2013 டிசம்பரில் கூகுளின் ஏழு இஞ்ச் டேப்லெட்டான நெக்ஸஸ் 7 வாங்கினேன், இரண்டாவதாக வந்த மாடல், 20,999 ரூபாய். அப்போது அது என் சம்பளத்துக்குக் கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். "டேப்லெட் வாங்கினேன்" என்று அம்மாவிடம் சொன்னால், "சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்டார். ஆஸ்பத்திரியை நம்பியே பாதி ஊர் பிழைக்கிற வேலூரில் டேப்லெட் என்றால் மாத்திரைதானே.

290 கிராம். அகலம் பதினொன்றரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அதைப் புத்தகம் மாதிரி பிடித்து, கட்டைவிரலாலேயே பக்கம் தள்ளலாம். பழைய தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் கோப்புகள், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் ஸ்கேன் புத்தகங்கள் என்று அரக்கோணம் வருவதற்குள் ஒரு அத்தியாயம் முடிந்துவிடும். பழைய கிரவுன் சைஸ் புத்தகப் பக்கம் அந்தத் திரையில் கொஞ்சம் சுருங்கி உட்காரும், ஆனால் பெரிதாக்கி இழுத்துப் படிக்க வேண்டியிருக்காது.

காரணம் திரை. ஏழு இஞ்சுக்குள் 1920-க்கு 1200 ஒளிப்புள்ளி (பிக்சல்). ஒரு இஞ்சுக்கு 323 புள்ளி. நம் எழுத்தைப் படிக்கிறவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். ஆங்கிலத்தில் ஐ-க்கு மேல் இருக்கும் புள்ளி மங்கினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. நமக்குப் புள்ளி போனால் மெய் உயிர்மெய் ஆகிவிடும், 'தட்டு' 'தடடு' ஆகிவிடும். இரண்டு சுழியா மூன்று சுழியா என்று எண்ண முடியாவிட்டால் ன எது ண எது? பழைய அச்சில் புள்ளி ஏற்கெனவே பாதி தேய்ந்திருக்கும். அதை அந்த நெக்ஸஸ் எனக்குக் காட்டியது.

பன்னிரண்டு வருஷம் உழைத்தது. ஆண்ட்ராய்டு 6.0.1-ஓடு கம்பெனி கைகழுவிவிட்டது. ஒவ்வொரு செயலியாக வேலைசெய்ய மறுத்தது. கவலைப்படவில்லை, படிக்கத்தானே. ஒரு முறை பேட்டரி மாற்றினேன். இந்த முறை பேட்டரி பூரி மாதிரி உப்பி, திரையை ஒரு பக்கம் தூக்கிவிட்டது. கழற்றும்போது திரையில் விரிசல் விழுந்துவிட்டது.

புதிதாக ஒன்று வாங்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். போய்ப் பார்த்தேன். 2023-இல் சாம்சங் ஏ9 என்று ஒன்று வந்ததே, 12,999-க்கு, அதைத் தெரிந்தவர் ஒருவர் வைத்திருக்கிறார். 8.7 இஞ்ச் திரை, 1340-க்கு 800. கணக்குப் போட்டால் இஞ்சுக்கு 180 புள்ளிகூட வரவில்லை. பத்து வருஷம் கழித்து வந்தது, திரை பெரிது, எழுத்து மங்கல்! வேகத்தைக் குறை சொல்ல மாட்டேன், வீடியோ நன்றாக ஓடுகிறது, என் பழையது அதற்குப் பக்கத்தில் ஆமை. அகலம் ஒரு சென்டிமீட்டர்தான் அதிகம், எடை நாற்பது கிராம்தான் கூட. ஆனால் நின்றுகொண்டு பிடித்தால் சுண்டுவிரல் கத்துகிறது. திரை நன்றாக இருக்க வேண்டுமென்றால் ஐபேட் மினி. 2024-இல் வந்தது 49,900. சீசன் டிக்கெட்காரன் அதைக் கையில் வைத்துக்கொண்டு ரயிலில் தூங்க முடியுமா?

ஒரு வேடிக்கை. ஏழு இஞ்ச் டேப்பெல்லாம் பிறக்கும்போதே செத்தது, அதைத் தொட விரலை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும் என்று 2010-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் கிண்டலடித்தார். அவர் போய் ஒரு வருஷத்தில், 2012-இல், அவர் கம்பெனியே 7.9 இஞ்சில் மினி கொண்டுவந்தது. அப்புறம் போன்கள் ஆறு, ஆறரை இஞ்ச் என்று வளர, சின்ன டேப்பைச் சீண்ட ஆளில்லை. என்னைப் போல பத்துப் பேர் பழசைத் தேடி அலைகிறோம். அலைகிறவன் கண்ணில் ஆசை தெரியும், அது போதும் அவர்களுக்கு.

பழைய சாமான் வாங்கி விற்கும் செயலி ஒன்று. பெயர் போட மாட்டேன், வம்பு வேண்டாம். எல்லார் போனிலும் அந்த ரகத்தில் ஒன்று இருக்கும். அதில் "நெக்ஸஸ் 7 2013, 32 ஜிபி, அதிகம் பயன்படுத்தாதது, 9,700" என்று விளம்பரம். இடம்: வேலூர். நாலு படம். பின்பக்கம் மழமழவென்ற கறுப்பு, கேமரா எல்லாம் சரியாக இருந்தது. உடனே மெசேஜ் போட்டேன். இங்கேதான் நான் முட்டாள். விலையைக் கேட்பதற்கு முன்னால் என் கதையைச் சொன்னேன். ரயிலில் படிப்பேன், தமிழ் ஸ்கேன் புத்தகம், புள்ளி தெரிய வேண்டும், பழையது செத்துவிட்டது என்று பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

மறுநாள் வீடியோ காலில் வந்தான். முப்பது வயசிருக்கும். "அண்ணா, நான் ஆம்பூர்ணா. இப்ப பெங்களூர்ல வேல. இது எங்க மாமா வச்சிருந்தது, அவரும் உங்கள மாரியே பொஸ்தகம் படிக்கிறவரு." டேப்பைத் திருப்பிக் காட்டினான். திரையில் ஒரு பழைய தமிழ்ப் புத்தகப் பக்கம். விரலால் பெரிதாக்கி, "பாருங்கண்ணா, புள்ளி தெரிதா?" என்றான்.

தெரிந்தது. அந்த ஒரு கேள்வியில் நான் விழுந்துவிட்டேன். என் வாயிலிருந்து போன வார்த்தையை எனக்கே திருப்பி விற்றான் என்று இப்போது புரிகிறது. அப்போது, அட, நம்ம ஆளு என்றுதான் தோன்றியது. ஆம்பூர் பேச்சு வேறு. பாலாறு வெள்ளம் வந்த 2021-ஐப் பற்றி இரண்டு நிமிஷம் பேசினான். ஊர் வெள்ளத்தைப் பற்றிப் பேசுகிறவன் பொய் சொல்வானா?

"ஆப்புல கட்னா கமிஷன் புடிச்சிக்குவான்ணா. நேரா ஜிபே பண்ணுங்க, ஐநூறு கம்மி பண்ணிக்கிறேன்." 9,700 இப்படித்தான் 9,200 ஆனது. முதலில் 2,000 டோக்கன். கூரியர் ரசீதைப் படம் எடுத்து அனுப்பியதும் 7,200. "அண்ணா, நம்ம ஊருக்காரருக்குப் போய் தப்பு பண்ணுவனா, கவலையே வாணாம்" என்று குரல் மெசேஜ். அதை இன்னும் அழிக்கவில்லை.

திங்கட்கிழமை பார்சல் வந்தது. பிரித்தேன். கறுப்பு டேப், ஏழு இஞ்ச், பின்னால் நெக்ஸஸ் என்று எழுத்து. எழுத்து நகத்தில் உரிந்தது. அது ஸ்டிக்கர். திறந்தால் அமைப்புப் பக்கத்தில் மாடல் நெக்ஸஸ் 7, ஆண்ட்ராய்டு 13, ரேம் 8 ஜிபி, சேமிப்பு 256 ஜிபி. உண்மையான நெக்ஸஸில் ரேம் 2 ஜிபிதான், சேமிப்பு அதிகபட்சம் 32. புளுகுகிறவனுக்கு எங்கே நிறுத்துவது என்றுகூடத் தெரியவில்லை. புத்தகத்தைத் திறந்தேன். புள்ளி இல்லை. ஒரு பக்கம் முழுக்கப் புள்ளியே இல்லாமல், ஓலைச்சுவடி மாதிரி இருந்தது.

போன் போட்டேன். அன்றைக்கு எடுத்தான்.

"ரேமு அப்கிரேடு பண்ணிக் குடுத்துருக்கோம்ணா, உங்களுக்கு லாபம்தானே."

போர்டோடு சேர்த்துப் பற்றவைத்த ரேமை எப்படியடா அப்கிரேடு பண்ணினாய் என்று கேட்க அந்த நேரத்தில் வாய் வரவில்லை. பழைய நெக்ஸஸில் புது ஆண்ட்ராய்டை ஏற்றிப் பயன்படுத்துகிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள், அதனால் பாதி நம்பினேன்.

"டிஸ்ப்ளே மங்கலா இருக்கேப்பா?"

"நாலு நாள் ஃபுல்லா சார்ஜ் போட்டு எறக்குங்கண்ணா. செட் ஆயிடும்."

சார்ஜ் போட்டால் எழுத்துக்குப் புள்ளி முளைக்குமா? ஆனால் போட்டேனே! நாலு நாள் போட்டேன். அந்த நாலு நாள்தான் அவனுக்கு வேண்டியிருந்தது. செவ்வாய், "ஊர்ல சாவுண்ணா, அப்றம் பேசறேன்." புதன் எடுக்கவில்லை. வியாழன் வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு டிக். வெள்ளி, நம்பரே உபயோகத்தில் இல்லை.

வெள்ளி சாயந்திரம், எனக்குப் பல வருஷமாக போன் ரிப்பேர் பார்க்கும் பாயிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கி எடை பார்த்ததுமே, "இன்னா சார் இது, எங்க புட்சிகினு வந்தீங்க?" என்றார். பின்மூடியைக் கழற்றினார். கேமரா வளையம் வெறும் கண்ணாடி, கோந்து போட்டு ஒட்டியிருக்கிறது. சிப்பின் மேல் ஆல்வின்னர் ஏ33 என்று அச்சு, குழந்தைகள் விளையாடும் மலிவு டேப்பில் வருவது. நிஜ நெக்ஸஸில் இருப்பது ஸ்னாப்டிராகன். திரை 1024-க்கு 600, இஞ்சுக்கு 170 புள்ளி. 256 ஜிபி என்றதில் படங்களை ஏற்றிப் பார்த்தார். ஐந்து ஜிபி தாண்டியதும் ஏற்றுவது போலக் காட்டியது, திறந்தால் எல்லாம் குப்பை. உள்ளே இருப்பது 8 ஜிபி. "செட்டிங்ல பேர மாத்தி எழுதிக்கினு இருக்கான் சார். ஆயிர ரூபா பெறாது." காசு வாங்கவில்லை அவர். டீ வாங்கிக் கொடுத்தார். அது இன்னும் அவமானமாக இருந்தது.

இப்போது அந்தச் செயலிக்காரர்கள். உதவிப் பகுதியில் ஒரு பொம்பளைப் பேர் வைத்த ரோபோ. "உங்கள் உணர்வுகள் எங்களுக்குப் புரிகின்றன" என்று தமிழில் வேறு. 9,200 ரூபாய் என்று எழுதினேன். "24 முதல் 48 மணி நேரத்தில்" என்றது. 48 மணி கழித்து, புகார் தீர்க்கப்பட்டது என்று மெயில். என்ன தீர்த்தீர்கள்? மறுபடி எழுதினால், நாங்கள் வாங்குகிறவரையும் விற்கிறவரையும் சந்திக்க வைக்கும் தளம் மட்டுமே, பணம் எங்கள் வழியாக வரவில்லை என்று பதில். வரவில்லைதான், ஒப்புக்கொள்கிறேன், அது என் தப்பு. ஆனால் அந்த ஆள் எந்த நம்பரில், எந்த அடையாளத்தில் கணக்குத் திறந்தான் என்று உங்களிடம் இருக்குமே? "தனியுரிமைக் கொள்கையின்படி பகிர இயலாது." திருடனுக்குத் தனியுரிமை. எனக்கு ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை தருவீர்கள் என்று கருத்துக்கணிப்பு.

பேங்கில், "பின் நம்பர் நீங்கதானே சார் போட்டீங்க?" அதுவும் சரி. சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் பண்ணிப் பதிவு செய்தேன், புகார் எண் வந்திருக்கிறது. பணம் போன அன்றைக்கே கூப்பிட்டிருந்தால் கணக்கில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு, எட்டு நாள் ஆகிவிட்டதே என்றார்கள். சார்ஜ் போட்டு இறக்கிக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது?

விவரமாக எழுதுகிறேன் என்று மேலே சொன்னேன், இப்போது கை ஓடவில்லை. சுருக்கமாக. ஆப்புக்கு வெளியே ஒரு பைசா கட்டாதீர்கள், ஐநூறு என்ன, ஐயாயிரம் குறைத்தாலும். சாமானை நேரில் கையில் வாங்கிப் பார்க்காமல் வாங்காதீர்கள். செட்டிங்கில் இருப்பதை நம்பாமல், பெரிய கோப்புகளை ஏற்றித் திறந்து பாருங்கள். ஏமாந்தது தெரிந்த நிமிஷமே 1930. கடை, கம்பெனி என்று பில் இருந்தால் 1915 நுகர்வோர் உதவி எண், அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், ஐந்து லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் இல்லை. என்னிடம் பில்லும் இல்லை, பேரும் இல்லை, ஆம்பூர் என்ற ஒரு வார்த்தைதான் இருக்கிறது. அதுவும் உண்மையோ என்னமோ. முக்கியமாக, எதற்காக வாங்குகிறீர்கள் என்று விற்கிறவனிடம் சொல்லாதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சும்மா அந்தச் செயலியைத் திறந்தேன். அதே நாலு படம். வேறு பேர். இடம் வேலூர். விலை 8,900. விளக்கத்தில் புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறான்: "தமிழ்ப் புத்தகம் படிக்க ஏற்றது, புள்ளி தெளிவாகத் தெரியும்."

புகார் பொத்தானை அழுத்திவிட்டேன். 24 முதல் 48 மணி நேரமாம். உங்கள் கண்ணில் பட்டால் நீங்களும் அழுத்துங்கள்.